இது என்ன ஜாதி நாய்? வாசலில் வந்து விழும் கேள்விகளும் என் பதில்களும்

மதுரையில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் எங்கள் வீடு. வீட்டில் இரண்டு நாய்கள், பாண்டியும் பூரியும். காலை ஆறு மணிக்கு இரண்டையும் சங்கிலியில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினால், டீக்கடை வருவதற்குள் குறைந்தது மூன்று பேராவது நிறுத்தி ஏதாவது கேட்பார்கள், அதுவும் அதே கேள்விகள்தான். பால்காரர், கேஸ் போடுகிறவர், பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அண்ணன், சொந்தக்காரர்கள் என்று யாரும் பாக்கி இல்லை. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. பதினைந்து வருஷமாக நாயோடு குடித்தனம் நடத்துகிறவன், அவ்வளவுதான்.

இது என்ன ஜாதி?

பாண்டி கடுவன், ஏழு வயது, வெள்ளை, இருபத்தெட்டு கிலோ. ராஜபாளையம் என்று சொல்லி விற்றார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி எந்தத் தெருவில் இருந்து வந்தது என்று அவன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

பூரி பெட்டை, நாலு வயது, ஒன்பது கிலோ. பார்க்கிறவர்கள் எல்லாம் 'பொமரேனியன்தானே' என்பார்கள். நம் ஊரில் பொமரேனியன் என்று எல்லோரும் சொல்கிற அந்த வெள்ளைப் புசுபுசு நாய் உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் இரண்டு, மூன்று கிலோதான் இருக்கும், கைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். பூரி இந்தியன் ஸ்பிட்ஸும் முழுசாக இல்லை. ரோமம் மட்டும் அந்த வழி, கால்கள் தெரு நாயுடையவை, ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று பாதியில் மடிந்து தொங்கும். சின்ன மகள் அதை 'சிக்னல் கிடைக்காத காது' என்பாள்.

நாய்க்குப் போய் ஜாதியா?

நான் கண்டுபிடித்த சொல் இல்லை இது, ஊரே சொல்வது. நல்ல விலை கொடுத்து வாங்கினால் 'ஜாதி நாய்', சும்மா கிடைத்தால் 'தெரு நாய்'. மனுஷனிடம் 'சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு' என்று சுற்றி வளைத்துக் கேட்பதை நாய் விஷயத்தில் மட்டும் நேராகக் கேட்டுவிடுகிறோம். பதிலைக் கேட்டதும் முகம் மாறுவதும் அப்படியே. 'கலப்பா…' என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள் பாருங்கள், அதற்குத்தான் எனக்குக் கோபம் வரும்.

பாண்டி முழு ராஜபாளையம் இல்லை என்று எப்படித் தெரிந்தது?

எட்டாயிரம் ரூபாய் கொடுத்து நாற்பது நாள் குட்டியாக வாங்கி வந்தோம். விற்றவர் இரண்டு கைக்குள் அடங்குகிற அந்தப் பொடியனைத் தூக்கி, 'மூக்கைப் பாருங்க சார், ரோஸ் கலர், அசல் மால்' என்றார். அசல் ராஜபாளையத்துக்கு வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் பொன்னிறக் கண்ணும் அடையாளம் என்பது சரிதான். ஆனால் மூன்று மாதத்தில் அந்த ரோஸ் மூக்கில் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்து, ஆறாவது மாதம் முழு மூக்கும் கரி பூசின மாதிரி ஆகிவிட்டது. வாலும் நெஞ்சும் ராஜபாளையம் மாதிரி இல்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

பெரிய விஷயம் அது இல்லை. வந்த முதல் வாரத்திலேயே அப்பத்தா சொல்லிவிட்டது, 'ஏண்டா, இந்த நாய்க்கிக் காது கேக்காது போலருக்கேடா' என்று. நாங்கள் யாரும் நம்பவில்லை. அடுக்களையில் இட்லிப் பானை மூடி கீழே விழுந்து உருண்ட அன்று, தெருவில் போன பூனை கூடத் துள்ளி ஓடியது, இவன் மட்டும் மூடிக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அப்புறம் டாக்டரிடம் போய்ப் பார்த்ததில் இரண்டு காதும் கேட்காது என்று தெரிந்தது.

வெள்ளை நாய்களுக்கு இந்தக் குறை வருவதற்குக் காரணம் உண்டு. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கிற அதே செல்கள் காதின் உள்பகுதியிலும் இருக்க வேண்டும். நிறமே இல்லாமல் பிறக்கிற குட்டிகளில் சிலவற்றுக்கு அந்தச் செல்கள் காதிலும் இருப்பதில்லை, பிறந்த சில வாரங்களிலேயே உள்காது வேலை செய்யாமல் போய்விடும். ராஜபாளையத்தில் இது தெரிந்த குறை. அப்படியும் வெள்ளைக்கு வெள்ளையையே சேர்த்துக் குட்டி எடுக்கிறார்கள், விலை அதற்குத்தானே. வாங்கப் போகிறவர்கள் குட்டியின் முதுகுப்பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கைதட்ட வேண்டாம், காற்று அசைவை வைத்துத் திரும்பிவிடும்.

திருப்பிக் கொடுத்திருக்கலாமே?

விற்றவரும் அதைத்தான் சொன்னார், 'கொண்டாங்க, வேற குட்டி மாத்தித் தாரேன்' என்று. கொண்டுபோன குட்டியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வேறு பேச்சு எடுத்தார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காது கேட்காத நாயை எப்படிப் பழக்குவது?

நினைக்கிற அளவு கஷ்டமில்லை, காது கேட்கிற நாயே நாம் சொல்வதில் பாதியைக் கையையும் முகத்தையும் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறது. உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்கார வேண்டும், விரலை மடக்கி அழைத்தால் வர வேண்டும், கட்டைவிரலை உயர்த்தினால் 'சபாஷ்', உடனே ஒரு துண்டு ஈரல். இந்த மூன்றையும் பத்து நாளில் பிடித்துக்கொண்டான். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் தரையில் காலை ஓங்கி மிதிப்போம், அதிர்வு தெரிந்து திரும்புவான். ராத்திரி என்றால் வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவோம். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கரண்ட் பிரச்சினை என்று நினைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறார். தூங்குகிற நாயை முதுகில் திடீரென்று தொடக் கூடாது, மூக்குக்கு முன்னால் கையை நீட்டி வாசனை காட்டிவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். சங்கிலி இல்லாமல் தெருவில் விடவே கூடாது, பின்னால் வரும் லாரி ஹாரன் அவனுக்குக் கேட்காது.

உங்களுக்குப் பிடித்த இனம் எது?

கேட்டால் பேச ஆரம்பித்துவிடுவேன், நேரம் இருக்கிறவர்கள் மட்டும் படியுங்கள்.

சிப்பிப்பாறை. கோவில்பட்டிப் பக்கம் அம்மாவைப் பெற்ற தாத்தாவிடம் ஒன்று இருந்தது, சாம்பல் நிறம். வற்றிப்போன வயிறு, நீண்ட மூஞ்சி, விலா எலும்பை எண்ணலாம். புதிதாகப் பார்க்கிறவர்கள் சோறு போடாமல் வைத்திருக்கிறார்கள் என்று திட்டுவார்கள். அதன் உடம்பு வாகே அதுதான். கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடித்த பிறகு வெறும் நிலமாகக் கிடக்குமே, அதில் அது ஓடினதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், எட்டு வயதில். நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பி, உடம்பு வில்லாக வளைந்து, திரும்ப நிமிர்ந்து… சத்தமே இல்லை, புழுதி மட்டும் பின்னால் எழும்பி நின்றது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுகிற நாய் அது, முயலுக்காகவே வளர்த்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல் வேட்டை குற்றம், அதனால் இன்று அந்த நாய்க்கு அது பழகின வேலை இல்லை. தாத்தாவின் நாய் அவரைத் தவிர யார் கையிலும் தின்னாது. தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளும் தண்ணீரோடு சரி.

கன்னி அதற்குப் பங்காளி மாதிரி, கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேலேயும் காலிலும் செம்மண் நிறம். பெண்ணுக்குச் சீராகக் கன்றோடு இதையும் கொடுத்து அனுப்பினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கோம்பை என்பது தேனி மாவட்டத்தில் ஊர் பெயர், அந்தப் பெயரிலேயே நாயும். செவலை உடம்பு, கறுத்த வாய், கனத்த தாடை. தோட்டத்துக் காவலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்துபோகிற குடும்பம் யோசித்துச் செய்யவும்.

ராஜபாளையத்துக்கு 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்கள், முதோல் ஹவுண்டு, ராம்பூர் ஹவுண்டு, இமயமலை ஆட்டுக்காவல் நாய் ஆகிய மூன்றோடு சேர்த்து. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்திய நாய்களைப் பற்றிப் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாலையும் பெயர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு 'ஒரு குட்டி ஏற்பாடு பண்ணுங்க' என்று எனக்கே ஆறு போன் வந்தது, அதில் ஐந்து பேர் இருப்பது மாடி வீட்டில்.

அவ்வளவு பிடித்தால் சிப்பிப்பாறையை வாங்கி வளர்க்க வேண்டியதுதானே?

எங்கள் வீடு இரண்டரை சென்ட். அதில் சிப்பிப்பாறையைக் கட்டிப்போட்டால் அது செருப்பைத் தின்னும், மதிலைத் தாண்டும், கடைசியில் என்னையும் பார்த்து உறுமும். காட்டில் ஓடப் பிறந்த நாயைச் சுவருக்குள் வைத்துக்கொண்டு 'சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

குடும்பத்துக்கு லேப்ரடார்தான் நல்லது என்கிறார்களே?

நல்ல நாய், மறுக்கவில்லை. என் மச்சினன் வீட்டில் ஒன்று இருக்கிறது, திருடன் வந்தால் பீரோ சாவியை எடுத்துக் கொடுக்கிற ரகம். ஆனால் வாங்கும்போது சொல்லாத சங்கதி சாப்பாடு. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள், பிரிட்டனில் ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்கு, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்கிற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அதாவது உங்கள் லேப் பார்க்கிற அந்தப் பரிதாபப் பார்வை நடிப்பாக இல்லாமலும் இருக்கலாம், அதற்கு நிஜமாகவே பசிக்கலாம். அதற்காக இரக்கப்பட்டு ஆளாளுக்கு ஒரு வாய் போட்டால் மூன்று வயதில் ஸ்டூல் மாதிரி ஆகிவிடும், ஏற்கெனவே பலவீனமான இடுப்பு எலும்பு அதைத் தாங்காது. மச்சினனுடையது நாற்பத்தி நாலு கிலோ. மாடிப்படி ஏற அதை இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள்.

பக், ஹஸ்கி?

மொபைல் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடின பக்கைப் பார்த்து ஊரே அதை வாங்கின காலம் ஒன்று இருந்தது. நாய்க்கு வியர்வை பாதத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். மூக்கே சப்பையாக இருக்கிற நாய் மதுரை மே மாதத்தில் எப்படி இரைக்கும்? ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கிற நாய். அதற்கு ஏசி போட்டு வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறவரிடம் நான் வாதாடுவதில்லை, கரண்ட் போகும்போது என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

கலப்பு நாய்க்கு, நாட்டு நாய்க்கு நோயே வராதாமே?

வரும். நாங்களும் அப்படி நம்பித்தான் பூரியைச் சாகக் கொடுக்கப் பார்த்தோம்.

போன வருஷம் மழை முடிந்த பிறகு ஒருநாள் அவள் சாப்பிடவில்லை. பூரி ஒரு வேளை தின்னவில்லை என்றாலே செய்தி, மறுநாளும் தின்னவில்லை. முதலில் கொண்டுபோன இடத்தில் அஜீரணம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அப்பத்தா அவள் உதட்டைத் தூக்கிக் காட்டியது. ஈறு வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது, மூக்கில் லேசாக ரத்தக் கசிவு. வேறு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்றார், தட்டணுக்கள் பாதாளத்துக்கு இறங்கியிருந்தன. டாக்சிசைக்ளின் மாத்திரை, இருபத்தெட்டு நாள், ஒரு வேளை தப்பாமல். கருப்பட்டித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால் கருப்பட்டியை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துப்பிவிடுவாள், கடைசியில் கோழி ஈரலுக்குள் வைத்துத்தான் ஏமாற்றினோம். பிழைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, மடியில் பூரியைக் கவிழ்த்துப் போட்டு, காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்கும். பேன் பார்த்த கை, விரல் நுனிக்குக் கண் இருக்கிறது. பிடித்ததை நகத்தால் நசுக்காது, உப்புத் தண்ணீர் டம்ளரில் போடும். நசுக்கக் கூடாது என்று டாக்டரும் சொன்னார். நாய்மேல் இருப்பதை மட்டும் பிடுங்கினால் போதாது, ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும், அதுவும் சுவர் வெடிப்பில். வெடிப்பையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தோம்.

சரி, கலப்பு நாய் திடம் என்பதில் உண்மையே இல்லையா? கொஞ்சம் உண்டு. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 24 பரம்பரை நோய்களை ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். பத்து நோய் ஜாதி நாய்களுக்கு அதிகம், ஒன்று, முழங்கால் ஜவ்வு கிழிவது, கலப்புக்கு அதிகம், மீதிப் பதிமூன்றில் வித்தியாசமே இல்லை. உண்ணிக்கும் வைரஸுக்கும் ஜாதி தெரியாது, அது தனிக்கதை.

இனத்தை வைத்து நாயின் குணத்தைச் சொல்லிவிடலாம்தானே?

பழக்கத்தைக் கொஞ்சம் சொல்லலாம், குணத்தைச் சொல்ல முடியாது. 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் பார்த்தது. நாய்க்கு நாய் இருக்கிற குண வித்தியாசத்தில் இனத்தால் வருவது ஒன்பது சதவீதம் அளவுதான் என்றது முடிவு. மீதியெல்லாம் வளர்ப்பு, வயசு, பட்ட அடி, தனித்தனி சுபாவம்.

ஆனால் உடம்பு பலம் வேறு விஷயம். பூரி கோபத்தில் கடித்தால் பிளாஸ்திரி போதும். ஐம்பது கிலோ ராட்வைலருக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பதை 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பட்டது. இழுத்துப் பிடிக்க முடியாத நாயை வளர்க்காதீர்கள்.

என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?

சோறு, கறிக்கடையில் வாங்குகிற கோழிக் கழுத்தும் ஈரலும், பூசணி அல்லது கேரட், எல்லாம் உப்பு போடாமல் குக்கரில் மூன்று விசில். கழுத்தெலும்பை வெந்த பிறகு உருவிவிட வேண்டும், வேக வைத்த எலும்பு ஊசி மாதிரிச் சிலும்பிக் குடலைக் குத்தும். வெயில் காலத்தில் மத்தியானம் தயிர்ச் சோறு. 'நாய்க்குச் சோறு ஆகாது, கறிதான்' என்று பெட்டித் தீவனம் விற்கிறவர்கள் பயமுறுத்துவார்கள். மனுஷனோடு ஒட்டி வாழ்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகிவிட்டது என்று 2013-லேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். நம் வீட்டுச் சோற்றைத் தின்றுதான் அது நாயானது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்காக வெறும் சோறு மட்டும் போட்டாலும் கதை நடக்காது.

வெங்காயம், பூண்டு, திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் கூடாது. குழம்பில் வெங்காயம் இல்லாமல் இருக்குமா? அதனால் குழம்புச் சோறும் கூடாது. பாயசம் வைக்கிற நாளில் கிஸ்மிஸ் கீழே விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

வீட்டுக்குள்ளேயே இருக்கிற நாய்க்கு ஊசி எதற்கு?

வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் நாய்க்கும் சாவு, மனுஷனுக்கும் சாவு, நடுவில் எதுவும் கிடையாது. மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். அரசு கால்நடை மருத்துவமனையில், நாங்கள் மாட்டாஸ்பத்திரி என்போம், அங்கேயே போடலாம். குட்டிக்கு ஆறேழு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசி தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரைக்கும் போட வேண்டும். அது முடிகிற வரை தெருவில் இறக்காதீர்கள், பார்வோ வந்த குட்டி இரண்டே நாளில் ரத்தமாகப் பேதியாகிப் போய்விடும்.

கடி பட்டால்: உங்கள் வீட்டு நாயே என்றாலும், நகக்கீறல் என்றாலும், குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நேராக அரசு ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்ற காலம் மலையேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போது கையில்தான், கடித்த அன்று, 3, 7, 28-ஆம் நாட்களில். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு மருந்து போடுவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பூரியிடம் ஒரு குட்டி எடுத்துக் கொடுங்களேன்?

முடியாது, எட்டாவது மாதத்திலேயே ஆபரேஷன் பண்ணியாயிற்று. 'பாவம், ஒரு தடவையாவது தாயாகட்டும்' என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அறுபத்து மூன்று நாளில் ஐந்தாறு குட்டி போடும், அப்போது அந்தச் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் ஒன்று எடுப்பார்கள்? ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு மூன்று அப்பன் கூட இருக்கலாம் என்பது தெரியுமா? அதனால்தான் தெருவில் ஒரே தாயிடம் கறுப்பும் செவலையும் வெள்ளையுமாகக் கிடக்கிறது. ஆபரேஷன் பண்ணிவிட்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற பிரச்சினை கிடையாது, மார்க்கட்டியும் குறைவு. தெரு நாய்க்கும் மாநகராட்சி பிடித்துப் போய்ச் செய்து, 2023 விதிப்படி பொதுவாக அதே இடத்தில் கொண்டுவந்து விட வேண்டும். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் ஆபரேஷன் ஆன நாய் என்று அர்த்தம்.

குட்டி வேண்டும் என்றால் மழைக்காலம் முடிந்து கறிக்கடைச் சந்துகளில் போய்ப் பாருங்கள்.

அபார்ட்மெண்டில் வளர்க்க விடமாட்டேன் என்கிறார்கள்…

சங்கம் ஒன்றுகூடித் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. ஆனால் தடுப்பூசிச் சீட்டும் மாநகராட்சி உரிமமும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முக்கியமாக, உங்கள் நாய் போன கக்கூசை நீங்களே அள்ளுங்கள். பாதிச் சண்டை அதில்தான் ஆரம்பிக்கிறது.

நாட்டு நாய்க்கெல்லாம் என்ன பெரிய பரம்பரை இருக்கிறது?

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காப்பாற்றச் சண்டை போட்டுச் செத்த வீரன் வில்லோடு நிற்கிறான், பக்கத்தில் நாய். 'கோவிவன் என்னும் நாய்' இரண்டு கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது. என்ன ஜாதி என்று எழுதவில்லை.

தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்?

பூரிக்கு அது வருஷத்தின் மோசமான ராத்திரி. சாயங்காலமே நடத்திக் கூட்டி வந்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, டிவியைச் சத்தமாகப் போட்டுவிடுவோம். அப்படியும் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டு நடுங்குவாள். பாண்டி கூடத்து நடுவில் நாலு காலையும் மேலே தூக்கிப் போட்டு மல்லாக்கத் தூங்குவான். தெருவில் பத்தாயிரம் வாலா வெடித்தாலும் அவனுக்கு அது மற்றுமொரு செவ்வாய்க்கிழமை.

போன தீபாவளிக்கு ஒன்பது மணி இருக்கும், அவளைக் காணோம் என்று டிரம் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை. கூடத்துக்கு வந்து பாண்டியின் விலாவில் மூஞ்சியைப் புதைத்துப் படுத்திருந்தாள். வெளியே ஒவ்வொரு அணுகுண்டுக்கும் அவள் உடம்பு துள்ளும், அவன் வயிறு அதே வேகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் துள்ளுவது குறைந்தது. அப்பத்தா லைட்டை அணைக்கச் சொன்னது.

பூரி என்று ஏன் பெயர்?

டிபன் கடை வாசலில் கிடைத்தாள். வயிற்றில் பூச்சி இருந்ததால் உப்பலாக இருந்தாள். பூச்சி மருந்து கொடுத்ததும் வயிறு இறங்கிவிட்டது, பெயர் இறங்கவில்லை.

அது சரி, காது கேட்காத நாய்க்குப் பாண்டி என்று பெயர் வைத்து என்ன பயன்?

மாட்டாஸ்பத்திரிச் சீட்டில் எழுத ஒரு பெயர் கேட்டார்கள்.